பாதித் தலையை விட்டு எழக் கூடாது

மார்ச் 3, திங்கள்

காலையில் பல் துலக்கக் குழாயைத் திறந்தேன். அவ்வளவுதான். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் உள்ளே இருக்கிறவர், யாரோ தன்னைத்தான் கூப்பிட்டார்கள் என்று புறப்பட்டுவிட்டார். கழிப்பறைக் கதவு கைக்கெட்டும் தூரம்தான். அதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

பக்கவாதம் வந்து எட்டு மாதமாகிறது. இடது கால் கொஞ்சம் இழுக்கிறது. இடது கை சீப்பைப் பிடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, அதில் என் வீட்டுக்காரிக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம். மூத்திரப் பை மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை.

வேட்டியும் கையுமாக நின்றேன். அவள் தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "முப்பது வருஷமா நான் கூப்பிட்டு ஒரு தடவையாவது இவ்வளவு வேகமா வந்திருக்கீங்களா?"

சிரித்தேன். சிரித்தது தப்பு. இன்னொரு வேட்டி எடுக்க வேண்டியதாகிவிட்டது.

மார்ச் 4, செவ்வாய்

மச்சினன் வந்தான். அவளுடைய தம்பி. சலூனில் இரண்டாவது நாற்காலி அவனுடையது. முதல் நாற்காலி என்னுடையது. கடைக்குள் நுழைந்ததும் ஜன்னலோரம் இருக்கும், கைப்பிடியில் தோல் கிழிந்தது.

"கைதான் நல்லா ஆயிடுச்சே மாமா. ஏன் வரமாட்டேங்கறீங்க?"

"இன்னும் கொஞ்சம் நாள் போகட்டும்டா."

"இதையே நாலு மாசமா சொல்றீங்க. ஒத்த ஆளா முடியலை. பக்கத்துத் தெருக் கடையில இருக்கறவர் வரேங்கறார். ஏப்ரல் கடைசிக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க. இல்லேன்னா உங்க நாற்காலியில அவரைப் போட்டுடறேன்."

அவன் மேல் தப்பில்லை. அவனுக்குக் கையைப் பற்றித்தான் தெரியும். கீழே நடப்பது அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். "டேய், எனக்கு அடக்க முடியலைடா" என்று அவனிடம் எப்படிச் சொல்வது? வாடிக்கையாளருக்குப் பாதி வெட்டிக்கொண்டிருக்கும்போது போன் எடுத்தான் என்று அவனை ஊர் கேட்கத் திட்டியவன் நான். "பாதித் தலையை விட்டு எழக் கூடாது. வீடு பத்திக்கிட்டு எரிஞ்சாலும் முடிச்சுட்டுப் போ." அன்றிலிருந்து அவன் போன் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. வீடு எரிந்தாலும் என்றேன். வேறு ஏதாவது வந்தால் என்று யோசிக்கவில்லை.

மார்ச் 5, புதன்

தூக்கம் வராமல், போன அக்டோபரையே நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதிவிட்டால் ஒழிந்து போகுமோ என்று எழுதுகிறேன்.

பக்கவாதம் வந்து மூன்று மாதத்தில் வீரம் வந்து கடைக்குப் போனேன். முதல் ஆளாக வந்து உட்கார்ந்தது நேர்வகிடு; நான் வைத்த பட்டப்பெயர். நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருட வாடிக்கை. வகிடு நூல் பிடித்தது போல் இருக்க வேண்டும், இல்லையென்றால் மேல்முறையீடு செய்வார். வலது பக்கம் முடித்தேன். இடது பக்கம் சீப்பை வைத்தேன். வந்துவிட்டது. போகலாம் என்றால் பாதித் தலை. நிற்கலாம் என்றால் – நிற்கத்தான் செய்தேன். கால் வழியாகச் சூடாக இறங்கியது. பக்கத்தில் தண்ணீர் தெளிக்கிற பாட்டில் இருந்தது. அதைக் கீழே தள்ளி, "அடடா, தண்ணி கொட்டிடுச்சே" என்றேன். உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பின்கதவு வழியாக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மச்சினன் மீதியை வெட்டுகிறேன் என்றானாம். நேர்வகிடு விடவில்லையாம். "என் மாஸ்டர் வரட்டும்" என்று பாதித் தலையோடு எழுந்து போனவர் இன்று வரை வெட்டிக்கொள்ளவில்லை. பார்த்தவர்கள் சொல்கிறார்கள், ஒரு பக்கம் காதோடு, ஒரு பக்கம் காதையே காணோமாம். பிடிவாதத்துக்குப் பிறந்த மனிதர். என் சங்கடம் தெரியாமல் அவர் பாட்டுக்கு வளர்த்துக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 6, வியாழன்

ஆஸ்பத்திரி. நரம்பு டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார்.

"பை நிறைஞ்சா மூளைக்குச் சேதி போகும். மூளை 'இப்ப வேண்டாம், பொறு'ன்னு திருப்பிச் சொல்லணும். உங்களுக்கு அந்தப் 'பொறு'ங்கற குரல் சன்னமாயிடுச்சு. தலைக்கு வெளியில இருந்தே காந்தத் துடிப்பு கொடுத்து அந்த இடத்தைத் தூண்டிப் பார்க்கலாம். கத்தி இல்லை, மயக்க ஊசி இல்லை. சிலருக்கு நல்லாக் கேக்குது. சிலருக்குக் கேக்கறதில்லை. இடுப்புத்தசைப் பயிற்சியும் கூடவே செய்யணும். உறுதி மட்டும் என்னைக் கேக்காதீங்க."

உறுதி கேட்கவில்லை. "தலையைத் தொடுவீங்களா?" என்று கேட்டேன். ஊரார் தலையெல்லாம் தொட்டவனுக்குத் தன் தலையை ஒருத்தர் தொடுவது என்றால் பயம். வெளியே வந்ததும் கூட வந்த என் வீட்டுக்காரி சொன்னாள்: "கோளாறு கீழே, வைத்தியம் மேலே. உங்களுக்கு எதுதான் நேரா இருந்திருக்கு?"

தலைக்குள் உலோகம் ஏதும் இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டார்கள். இல்லை என்றேன். "களிமண்ணுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று அவள் நர்ஸிடம் விசாரித்தாள்.

மார்ச் 10, திங்கள்

முதல் நாள். வைத்தியம் பார்க்கிற பெண்ணுக்கு டக்டக் என்று பெயர் வைத்திருக்கிறேன், அந்த யந்திரம் போடுகிற சத்தத்தால். நீச்சல்காரர்கள் போடுவது போல் தலையில் இறுக்கமாக ஒரு தொப்பி. அதன் மேல் எட்டு வடிவத்தில் ஒரு கருவியை வைத்து நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு துடிப்பாகக் கொடுத்தாள். திடீரென்று என் வலது கால் கட்டைவிரல் தானாகத் துள்ளியது. நான் துள்ளச் சொல்லவில்லை.

"கிடைச்சுடுச்சு" என்று தொப்பியில் பேனாவால் குறி போட்டாள். "கால் விரலும் அடிவயித்துத் தசையும் மூளையில பக்கத்துப் பக்கத்து வீடு ஐயா. விரல் ஆடிச்சுன்னா சரியான தெருவுக்கு வந்துட்டோம்னு அர்த்தம்."

பிறகு டக் டக் டக். மரங்கொத்தி ஒன்று என் மண்டையைக் குத்தகைக்கு எடுத்தது போல் இருந்தது. வலியில்லை. வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரி கட்டைவிரலைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கு ஒரு மெஷின் வாங்கித் தாங்க. தலையில ஒரு தட்டு தட்டினா நீங்க எழுந்து கடைக்குப் போற மாதிரி."

மார்ச் 12, புதன்

டக் டக் டக். மாற்றம் ஒன்றுமில்லை. இரண்டு வேட்டி.

மார்ச் 15, சனி

யோசித்துப் பார்த்தேன். காந்தம் மூளைக்குப் போக வேண்டும். நடுவில் என்ன இருக்கிறது? மண்டை ஓடு. அதை ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு மேல்? முடி. அதுவும் என் முடி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? சீப்பின் பல்லை உடைக்கிற ரகம். இந்தப் புதருக்குள் காந்தம் எங்கே புகும்? இதுகூடத் தோன்றவில்லையே இந்தப் படித்தவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மச்சினனை வீட்டுக்கு வரவழைத்து மொட்டை அடிக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டான். தலைவலிக்கு வைத்தியம் என்றேன். முதலாளி தலை கையில் கிடைத்த சந்தோஷத்தில் அவன் மேற்கொண்டு கேட்கவில்லை.

அவள் கதவருகில் வந்து நின்று பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அவளுக்கே வார்த்தை கிடைக்காத நாள் இது.

மார்ச் 17, திங்கள்

அவமானம்.

புதர் போனதும் தொப்பி தொளதொளவென்று ஆகிவிட்டது. டக்டக் எப்போதும் போல் மாட்டினாள், குறியில் கருவியை வைத்தாள். கால் விரல் ஆடவில்லை. அதற்குப் பதில் கத்தரி பிடிக்கிற என் வலது கை விரல்கள் காற்றில் 'கிரிச்' என்று ஒரு முடியை வெட்டின. அவள் தொப்பியைப் பார்த்தாள், என் தலையைப் பார்த்தாள்.

"ஐயா, எதுக்கு இப்படிப் பண்ணீங்க?"

விளக்கினேன். காந்தம், புதர், எல்லாம். முழுவதும் கேட்டாள். பாவம், சிரிக்கக் கூடாது என்று கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டிருந்தாள்.

"முடி காந்தத்தைத் தடுக்காது ஐயா. ஆனா தொப்பி நகர்ந்துபோச்சு, குறி போச்சு. இப்ப முதல்ல இருந்து தேடணும்."

புதுத் தொப்பி, புதுக் குறி. கட்டைவிரல் மறுபடி துள்ள வெகுநேரம் ஆனது. என்னைக் கூட்டிப்போக வந்த வீட்டுக்காரிக்கு இப்போதுதான் வார்த்தை கிடைத்தது. "நாப்பது வருஷமா ஊர்த் தலையெல்லாம் பார்த்தீங்க. ஒரு தலைக்குள்ளேயும் என்ன இருக்குன்னு பார்க்கலை."

மார்ச் 19, புதன்

மொட்டைத் தலை ஊர் சுற்றிவிட்டது. கடையில் மச்சினன் சொல்ல, வாடிக்கைக்காரர்கள் இழுத்து நீட்ட, சாயங்காலம் நேர்வகிடு வீட்டு வாசலில் நிற்கிறார். "மூளையில ஆபரேஷனாமே?"

ஐந்து மாதத்துக்குப் பிறகு அவர் தலையை நேரில் பார்த்தேன். ஐயோ. வலது பக்கம் கழுத்தைத் தொடுகிறது, இடது பக்கம் தோளைத் தொடப் பார்க்கிறது. நடுவில் மட்டும் வகிடு நூல் பிடித்தது போல்.

"ஆபரேஷன் எல்லாம் இல்லை சார். சும்மா தலைவலி."

அவர் என் மொட்டையைப் பார்த்தார். நான் அவர் காட்டைப் பார்த்தேன். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஒழுங்கான தலை கூட இல்லை.

"சார், மச்சினன்கிட்டயே வெட்டிக்கலாமே. எனக்காக ஏன்?"

"அவரு வெட்டினா வகிடு கோணும்."

"கோணாது. நான்தான் கத்துக்கொடுத்தேன்."

"அப்ப நீங்க வந்து வெட்டுங்க."

அவள் கொடுத்த தேநீரை அவர் மெதுவாக ஊதி ஊதிக் குடித்தார். எனக்கு உள்ளே மணி அடித்துவிட்டது. எழுந்து போகலாம்தான். என் வீடு, என் கழிப்பறை. ஆனால் மாற்று வேட்டியில் வந்து நின்றால் கேட்பாரே. பல்லைக் கடித்துக்கொண்டு டயப்பரை நம்பி உட்கார்ந்திருந்தேன். அது கைவிடவில்லை. மனிதன் எதையெல்லாம் நம்ப வேண்டியிருக்கிறது.

மார்ச் 26, புதன்

பஸ்ஸில். ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது. இன்று டயப்பர் வேண்டாம், கொஞ்சம் தேறியிருக்கிறேன் என்று நானாக முடிவு செய்திருந்தேன். யாரைக் கேட்டேன்? எந்த மடையன் சொன்னான் தேறியிருக்கிறது என்று?

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மெதுவாக எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

போதும்டா சாமி. டக்டக்கும் வேணாம், தொப்பியும் வேணாம். மச்சினன்கிட்ட நாளைக்கே சொல்லிடப் போறேன், அந்த ஆளை உட்காரவச்சுக்கோடான்னு. எனக்கெதுக்கு நாற்காலி. ரப்பர் ஷீட் போட்ட கட்டில் இருக்கு, அது போதும்.

மார்ச் 27, வியாழன்

எழுந்திருக்கவில்லை. அவள் வேலைக்குப் போகாமல் கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். கேலி செய்வாள் என்று பார்த்தேன். செய்யவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஜூலையில அந்த ராத்திரி ஆம்புலன்ஸ்ல உங்க கையைப் பிடிச்சேன். அது என் கையைத் திருப்பிப் பிடிக்கலை. அப்ப என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா? ஆள் எந்த நிலையில வந்தாலும் சரி, கொடுத்துடுன்னு. கொடுத்தாச்சு. கொஞ்சம் ஈரமா கொடுத்துட்டாங்க. அதுக்காகத் திருப்பிக் கொடுக்க முடியுமா?"

இரண்டு பேரும் அழுதோம். பிறகு சிரித்தோம். பிறகு வழக்கம் போல் வேட்டி.

பத்தரை மணி பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டயப்பரோடு.

ஏப்ரல் 1, செவ்வாய்

முட்டாள்கள் தினம். அதனால் நம்பலாமா என்று தெரியவில்லை.

எனக்கு மணிக்கணக்கு சரிப்படாது. என் கணக்கு வேறு. வருகிறது என்று தோன்றியதும் மனதுக்குள் ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து வெட்ட ஆரம்பிப்பேன். முதல் வாரத்தில் துணி போர்த்துவதற்குள் கதை முடிந்துவிடும். போன வாரம் சீப்பு வைக்கும் வரை வந்தேன். இன்று பகலில் வலது பக்கம் முடித்து, காதைச் சுற்றி வளைத்து, பின்கழுத்துக்கு வந்தபோதுதான் கழிப்பறைக்குள் போய் நின்றேன். காய்ந்த வேட்டியோடு.

டக்டக் சொல்லிக்கொடுத்ததுதான்: "ஓடாதீங்க. நில்லுங்க. இறுக்குங்க, விடுங்க, மறுபடி இறுக்குங்க. அவசரம் தணிஞ்ச பிறகு நடங்க." அவசரத்தில் நிற்பதா, இது என்ன பைத்தியக்கார யோசனை என்று நினைத்திருந்தேன். இன்று நின்றேன். உள்ளே யாரோ மெல்லிய குரலில் 'பொறு' என்றது போல் இருந்தது. பழைய குரல்தான், தூங்கி எழுந்த கரகரப்போடு.

ஏப்ரல் 4, வெள்ளி

கடைசி அமர்வு. காந்தமா, பயிற்சியா, எது வேலை செய்தது என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "ரெண்டும் சேர்ந்து இருக்கலாம். நாள் ஆனதும் ஒரு காரணமா இருக்கலாம். அதைப் பிரிச்சுச் சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம்" என்றார். பிடித்திருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற தலைகளை நான் அதிகம் வெட்டியதில்லை.

பயிற்சியை விடாதீங்க, முழுசா பழையபடி ஆகும்னு நினைக்காதீங்க என்றும் சொன்னார். டக்டக் குறி போட்ட தொப்பியை எனக்கே கொடுத்துவிட்டாள். "முடி வளர்ந்தா பத்தாது ஐயா. ஞாபகத்துக்கு வச்சுக்குங்க."

ஏப்ரல் 10, வியாழன்

தலையணையைத் தூணில் கட்டித் துணி போர்த்தி, நின்றுகொண்டு ஒரு முழு வெட்டு வெட்டிப் பார்த்தேன். வெறும் கத்தரி, வெறும் காற்று. நடுவில் ஒருமுறை வந்தது. நின்றேன், இறுக்கினேன், போய்விட்டது. முடித்தேன்.

அவள் வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டாள். "என்ன, வாடிக்கைக்காரர் பேசவே மாட்டேங்கறார்?"

"புது ஆள். கூச்ச சுபாவம்."

"பக்கவாட்டுல இன்னும் கொஞ்சம் குறைச்சுடுங்க. மூஞ்சி உருண்டையா இருக்கு."

ஏப்ரல் 16, புதன்

போனேன்.

கடை திறந்ததும் மச்சினன் என் நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தான். கறுப்புப் பேன்ட் போட்டிருந்தேன், உள்ளே டயப்பர். நேர்வகிடு ஏற்கெனவே வந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். யார் சொன்னது? என் வீட்டுக்காரிதான், வேறு யார்.

துணி போர்த்தினேன். வலது பக்கம் முடித்தேன். காதைச் சுற்றினேன். அக்டோபரில் நின்ற அதே இடத்துக்கு வந்தேன் – இடது பக்கம், சீப்பு உள்ளே, கத்தரி மேலே.

வந்தது. வராமல் இருக்குமா, அதுதான் இடத்தை ஞாபகம் வைத்திருக்கிறதே. நின்றேன். இறுக்கினேன். கத்தரி காற்றில் நின்றது. மச்சினன் கண்ணாடியில் என்னைப் பார்க்கிறான். போக மாட்டேன் என்கிறது. எனக்குள் யாரும் 'பொறு' என்று சொல்லவில்லை.

அப்போது நேர்வகிடு எழுந்தார். துணியோடு.

"கொஞ்சம் இருங்க மாஸ்டர். எனக்கு வந்துடுச்சு. வயசாச்சு இல்லையா, அடக்க முடியறதில்லை."

இருபது வருடத்தில் அவர் பாதியில் எழுந்ததில்லை. சலூன் பூராவும் கேட்கிற குரலில் சொல்லிவிட்டு, ஒரு பக்கம் காடும் ஒரு பக்கம் வயலுமாகப் பின்பக்கம் போனார். நான் சீப்பும் கையுமாக நின்றேன். சிரிப்பு வந்தது. சிரித்தால் போச்சு என்று இறுக்கினேன். எதை நினைத்து இறுக்கினேனோ, அவசரம் தணிந்துவிட்டது.

திரும்பி வந்து உட்கார்ந்தார். "உங்களுக்கும் போகணும்னா போயிட்டு வாங்க. பாதித் தலையோட நான் எங்க ஓடப் போறேன்?"

"வேண்டாம் சார். இப்ப இல்லை."

பொய் இல்லை. உண்மையாகவே இல்லை. இடது பக்கத்தை முடித்தேன். வகிடு எடுத்தேன். கண்ணாடியில் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார், அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மேல்முறையீடு இல்லை.

துணியை உதறும்போது மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"அன்னிக்கு அந்த பாட்டில் காலியா இருந்துது மாஸ்டர். காத்துதான் அடிச்சுது. நீங்க தெளிச்சப்ப என் தலை நனையவே இல்லை."

அவர் சட்டைக் காலரில் இருந்த முடியைத் தட்டிவிட்டேன். ஏற்கெனவே தட்டிய இடத்தையே மறுபடி தட்டினேன்.

ஏப்ரல் 17, வியாழன்

அப்படியென்றால் ஆறு மாதமும் தெரியும். தெரிந்துகொண்டுதான் வளர்த்திருக்கிறார். வேறு யாரிடமாவது வெட்டிக்கொண்டால் நான் வர வேண்டிய காரணத்தில் ஒன்று குறைந்துவிடும் என்று. பிடிவாதம் என்று எழுதியிருக்கிறேன் மேலே. அடித்துவிட்டு வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்று. நேற்று அவர் பின்பக்கம் போனாரே, கடைக் கழிப்பறையில் வாளித் தண்ணீர் ஊற்றினால் முன்னால் வரை கேட்கும். கேட்கவில்லை.

அவளிடம் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்களைச் சுத்தி எல்லாரும் நல்லவங்களாவே இருக்காங்க. உங்களுக்கு எப்படித்தான் அமையுதோ" என்றாள்.

ஏப்ரல் 28, திங்கள்

பக்கத்துத் தெருக்காரர் வந்து சேர்ந்துவிட்டார். அவருக்காக மூன்றாவது நாற்காலி போட்டோம், சுவரோரமாக. ஜன்னலோரம் என்னுடையதுதான்.

பகலில் புது ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்தார். முன்பின் பார்த்ததில்லை. பாதி முடிந்திருந்தது. வந்தது. நின்று பார்த்தேன், இன்று அது நிற்கிற ஜாதியாகத் தெரியவில்லை. கத்தரியைத் தட்டில் வைத்தேன்.

"தம்பி, ஒரு நிமிஷம். பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

"போயிட்டு வாங்க" என்றார் அவர், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

போனேன். வந்தேன். காய்ந்துதான் இருந்தது. பாதித் தலை அதே இடத்தில் உட்கார்ந்து ஒரு பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தது. வீடு எதுவும் எரியவில்லை.

மச்சினன் இதையெல்லாம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான். கை நிற்காமலே கேட்டான்:

"அப்ப நானும் டிராயர்ல இருந்து போனை எடுத்துக்கலாமா மாமா?"

"கூடாது" என்றேன்.